மழைக்குள் வந்த கெமராக்காரர்கள்: எங்கள் மலைகளின் கல்யாணப் படங்களுக்குப் பின்னால் உள்ள கதை

 

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

டித்வா சூறாவளி வந்து போன நாட்களை நாம் யாரும் மறக்க மாட்டோம். 2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை அது கரையைக் கடந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு ஊர்களையே மூடியது. உயர்தரப் பரீட்சை நடுவில் நின்றது. மலையகக் கோச்சிப் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. அந்த நாட்களில் பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பன்சலை என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சோறு ஆக்கினோம்.

அதற்குப் பிறகு ஒரு நாள், நாம் படிப்பித்த பையன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது கல்யாணப் படம் எடுப்பதுதான் அவருக்குத் தொழில். நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு கல்யாணம் பேசியிருந்தது. நிச்சயித்த நாள் தப்பக்கூடாது என்று அந்த வீட்டார் சடங்கைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். இவரால் போக முடியவில்லை. கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். அதையும் கொடுத்துவிட்டார். ஆனால், "காசு வாங்கிட்டு ஏமாத்திட்டான்" என்ற பேச்சு ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டாரை எங்களுக்குத் தெரியும் என்பதால் வந்திருந்தார்.

"சேர், ரோட்டே இல்லாத எடத்துக்கு நான் எப்படிப் போறது?" என்றார்.

அவருக்காகப் பேசுவதாகச் சொன்னோம், பேசவும் செய்தோம். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. அதே அநியாயத்தை ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலும் செய்திருக்கிறோம். அதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன், இந்தத் தொழில் எங்கள் மலைகளுக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். நாம் அன்றாடம் நடக்கும் பாதையிலேயே அந்தக் கதை கிடக்கிறது.

*கிளங்கனில் இறந்த ஒரு கெமராக்காரி*

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்து வைத்தாரே, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. நாம் எல்லோரும் மருந்தெடுக்கப் போகும் இடம். 'கிளன்கெயார்ன்' என்ற ஆங்கிலத் தோட்டப் பெயர்தான் எங்கள் வாயில் கிளங்கன் ஆனது.

அந்தக் கிளங்கனில், 1879 ஜனவரி 26 அன்று ஒரு ஆங்கிலேயப் பெண்மணி இறந்தார். பெயர் ஜூலியா மார்கரெட் கெமரன். கெமரன் என்பது கணவரின் குடும்பப் பெயர், கெமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உலகப் புகைப்பட வரலாற்றை யார் எழுதினாலும் அவர் பெயர் இல்லாமல் எழுத முடியாது. 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கெமராவில் தொடங்கி, தன் காலத்தின் பெரிய பெரிய மனிதர்களின் முகங்களைப் படமாக்கியவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால், 1875 இல் இங்கே குடிவந்தார்கள். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார்கள்.

அவர் இலங்கையில் எடுத்த படங்களில் இன்று கிடைப்பவை 30 கூட இல்லை. அவற்றில் பல, இங்கே வேலை செய்த சாதாரண மக்களின் படங்கள். படம் எடுத்தவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். படத்தில் இருக்கும் எங்கள் ஆட்களின் பெயர்களோ பெரும்பாலும் பதியப்படவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் இலங்கைக்கு வந்தபோது கோச்சி நாவலப்பிட்டி வரைக்கும்தான் இருந்தது. ஹட்டனுக்குக் கோச்சி வந்தது 1884 இல், அவர் இறந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு. நாவலப்பிட்டியிலிருந்து இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் மாட்டு வண்டி, குதிரை, இல்லாவிட்டால் கால்நடை. அவருடைய உடலும் இரண்டு வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில்தான் மலை கடந்து போனதாகச் சொல்வார்கள். பொகவந்தலாவை சென்ற். மேரிஸ் தேவாலயத் தோட்டத்தில் அவரும், அடுத்த வருடம் இறந்த அவருடைய கணவரும் அடங்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிற பிள்ளைகள் ஒரு தரம் எட்டிப் பார்க்கலாம்.

*ஏன் அன்று கல்யாண வீட்டுக்குக் கெமரா வரவில்லை?*

கெமரன் அம்மையார் காலத்தில் படம் எடுப்பது என்றால் பெரிய வேலை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே இருட்டறையில் கழுவி முடிக்க வேண்டும். கையில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதனால் கெமராக்காரர் வெளியே போனால் இருட்டறையும் கூடவே போக வேண்டும். கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், தண்ணீர் எல்லாவற்றையும் கூலியாட்கள் தலையில் சுமக்க வேண்டும். வட்டவளையில் ஒரு வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழையில் இதையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு லயத்துக் கல்யாணத்துக்கு யார் போவார்கள்?

1880ஐ ஒட்டி உலர் தகடு வந்தது. தகட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம், எடுத்த படத்தைப் பிறகு கழுவலாம். 1888 இல் கொடக் கம்பனி சுருள் பிலிம் போட்ட கெமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1890 இல் கொழும்பில் பிளாட்டே ஸ்டூடியோ தொடங்கியது. இவையெல்லாம் நடக்கிற அதே காலத்தில்தான் ஹட்டனுக்குக் கோச்சி வந்தது, கோப்பி அழிந்து தேயிலை வந்தது, கடைவீதிகள் வந்தன.

இருந்தாலும் எங்கள் பாட்டன் பாட்டி காலத்தில் கெமரா கல்யாண வீட்டுக்கு வருவதைவிட, மாப்பிள்ளையும் பெண்ணும் கெமராவிடம் போவதுதான் வழக்கம். கல்யாணம் முடிந்து ஒரு நாள், டவுனுக்குப் போய், திரையில் தீட்டிய தோட்டத்துக்கும் தூணுக்கும் முன்னால் ஒரு படம். மாப்பிள்ளை கதிரையில் இருப்பார், பெண் பக்கத்தில் நிற்பார். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள். கையில் கட்டியிருக்கும் மணிக்கூடு சில வேளை ஸ்டூடியோவுக்குச் சொந்தமானது. ஒரு படம்தான் எடுப்பார்கள், அதுவே வாழ்நாளுக்கும் போதும்.

*படம் அவசியமாகிய காலம்*

அந்த ஒற்றைப் படம் ஏன் எங்களுக்கு இவ்வளவு முக்கியமாகியது? இதில் ஆசைக்கும் மேலாக எங்கள் மலையகத்தின் வரலாறு இருக்கிறது.

1948 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளித் தோட்ட மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். 1974 இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இவ்வளவும் நடக்கும்போது எங்கள் மக்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இந்தியாவுக்குப் போக வேண்டுமென்றால் பாஸ்போட். பாஸ்போட்டுக்குப் படம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெமராவுக்கு முன்னால் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். தலைமன்னாருக்குப் போன கோச்சியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். தங்கை இங்கே, அண்ணன் அங்கே என்று குடும்பங்கள் உடைந்தன. ஏறுவதற்கு முன் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

அதற்குப் பிறகு இங்கே ஒரு கல்யாணம் நடந்தால், கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் தாய்மாமன் அதை எப்படிப் பார்ப்பார்? தபாலில் போகும் படத்தில்தான். கல்யாண அல்பத்தின் முதல் வேலை அதுதான். வர முடியாதவருக்குக் கல்யாணத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது.

எழுபதுகளின் பிற்பகுதியில் இருந்து மத்திய கிழக்குக்குப் போவது தொடங்கியது. சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் மகளின் கல்யாணம் நடக்கும். தாய்க்கு லீவு கிடைக்காது. அந்தத் தாய் மகளை மணக்கோலத்தில் பார்த்தது படத்தில்தான். இந்தப் பதிவை வாசிக்கிறவர்களில் எத்தனை பேருடைய உம்மா, எத்தனை பேருடைய அம்மா அப்படிப் பார்த்தவர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கெமரன் அம்மையாரின் படங்களில் எங்கள் ஆட்கள் பெயரில்லாமல் நின்றார்கள் என்று சொன்னோமே. இந்த அல்பங்களில் நிலைமை மாறியது. காசு கொடுத்தது நாம், நிற்கும் விதத்தைத் தீர்மானித்தது நாம், படத்தின் பின்னால் பேனையால் பெயரும் திகதியும் எழுதியது நாம். அதனால்தான் மழை பெய்தாலும், மலை சரிந்தாலும், கெமராக்காரர் வந்தே ஆக வேண்டும் என்று நின்றோம். அந்த நியாயம் விளங்குகிறது. ஆனால் அந்த நியாயத்தின் விலையைக் கொடுத்தவர் யார்?

*தோட்டத்துக்குள் வந்தவர்கள்*

பன்னிரண்டு படம் எடுக்கும் பெரிய பிலிம் ரோல், பிறகு முப்பத்தாறு படம் எடுக்கும் சின்ன ரோல். சின்ன ரோல் வந்த பிறகு கெமராக்காரர் தோட்டத்துக்கே வரத் தொடங்கினார். பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்குவார். அங்கிருந்து மூன்று நாலு மைல் நடை. தோளில் கெமரா, கையில் பிளாஷ், இரண்டுக்கும் மேலாகப் பொலித்தீன். லயங்களில் மின்சாரம் இல்லாத காலத்தில் வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர வேண்டும். பாதையில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. அட்டை, வழுக்கும் படிக்கட்டு, பெருகி ஓடும் ஓடை, தேயிலைச் செடிக்குள் குளவிக் கூடு, இருட்டினால் சிறுத்தை. இதெல்லாம் கடந்து வந்தவரிடம் நாம் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு லேட்?"

வந்த பிறகும் சோதனைதான். குளிரில் நடந்து வந்த கெமராவை, அடுப்பு எரிகிற, ஆட்கள் நெருக்கமாக நிற்கிற அறைக்குள் கொண்டுபோனால், கண்ணாடியில் ஆவி படியும். ஐஸ் தண்ணீர் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். விஞ்ஞானப் பாடத்தில் ஒடுங்கல் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோமே, அதேதான். அதைத் துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். அனுபவசாலிகள் பையைத் திறக்காமலே கெமராவை அரை மணித்தியாலம் அறைச் சூட்டுக்குப் பழக விடுவார்கள். ஆனால் தாலி கட்டும் நேரம் அரை மணித்தியாலம் காத்திருக்குமா? எங்கள் காலநிலையில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பதும் சாதாரணம். அரிசிப் பெட்டிக்குள் கெமராவை வைத்துக் காப்பாற்றிய கதையெல்லாம் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

எண்பதுகளில் வீடியோ வந்தது. தொலைக்காட்சி இலங்கைக்கு வந்ததே 1979 இல்தான். சில வருடங்களில் கல்யாண வீட்டுக்கு வீ.எச்.எஸ் கெமராவும் வந்துவிட்டது. தோளில் சுமக்கும் பெரிய கெமரா, கண்ணைக் கூசும் லைட், வயர், சில தோட்டங்களில் ஜெனரேட்டர். சுமை இரட்டிப்பானது. பாதை மட்டும் அதே பாதை.

*எந்த மாதத்தில் கல்யாணம்?*

இந்தத் தொழிலில் ஆபத்து எப்போது வருகிறது என்பதை நாட்காட்டி தீர்மானிக்கிறது. எங்கள் மலைப்பக்கத்துக்குப் பெரிய மழை தென்மேற்குப் பருவத்தில், மே கடைசியில் தொடங்கி செப்டெம்பர் வரை. ஒக்டோபர், நவம்பரில் இடி மழையும் வங்காள விரிகுடாப் புயல்களும். டிசம்பர், ஜனவரியில் வாடைக் காற்று, மூடுபனி, குளிர்.

இந்து உறவுகள் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆடி என்பது ஜூலை நடுவில் தொடங்குவது, தென்மேற்கு மழையின் உச்சம். அதனால் ஓரளவு தப்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் வைகாசி முகூர்த்தங்கள் மழை தொடங்கும் நேரத்தில் வந்து விழும். தை மாதம் நல்ல காலம், ஆனால் காலையில் பனிமூட்டம். கிறிஸ்தவ உறவுகள் தவக்காலத்தையும் திருவருகைக் காலத்தையும் தவிர்ப்பார்கள்.

நம்முடைய கணக்கு வேறு. ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாள். அதனால் நோன்பும் பெருநாளும் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். ஏறக்குறைய 33 வருடத்தில் ஒரு முழுச் சுற்று. ரமழானில் கல்யாணம் வைப்பதில்லை, பெருநாள் முடிந்த கையோடு ஷவ்வாலில் ஒன்றன்பின் ஒன்றாக வைப்போம். எனவே எங்கள் கல்யாண சீசன் பருவங்களுக்குள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது.

1983 முதல் 1986 வரை நோன்புப் பெருநாள் ஜூன், ஜூலையில் வந்தது. ஷவ்வால் கல்யாணங்கள் நேரே பெருமழைக்குள். 2015 முதல் 2018 வரையும் அப்படியே. இப்போது பெருநாள் மார்ச் மாதத்தில் வருகிறது, பாதைகள் காய்ந்திருக்கும் நல்ல காலம். ஆனால் அது நிலைக்காது. 2033ஐ ஒட்டிப் பெருநாள் டிசம்பருக்குப் போகும், அதற்கடுத்த வருடங்களில் நவம்பருக்கு இறங்கும். அதாவது டித்வா வந்த அதே பருவத்துக்கு. இன்று நாம் வகுப்பில் படிப்பிக்கிற பிள்ளைகள் கல்யாணம் முடிக்கும் காலம் அது. அதனால்தான் இதை இப்போதே பேச வேண்டும் என்கிறோம்.

*உலகம் பார்த்த படங்கள்*

மழையும் கல்யாணமும் மோதுவது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2021 ஒக்டோபரில் கேரளாவின் ஆலப்புழைப் பக்கம், தலவடியில் வெள்ளம். மாப்பிள்ளையும் பெண்ணும் சோறு ஆக்கும் பெரிய பாத்திரத்தில் உட்கார்ந்து மிதந்து போய்க் கல்யாணம் முடித்தார்கள். 2020 ஜனவரி 12 அன்று பிலிப்பைன்ஸில் தால் எரிமலை புகையைக் கக்க, அதைப் பின்னணியாக வைத்து ஒரு கல்யாணம் நடந்தது. 2025 ஜூலையில் அதே நாட்டில் மலோலோஸ் நகரத்துப் பழைய தேவாலயத்துக்குள் வெள்ளத்தில் கவுன் மிதக்க ஒரு மணப்பெண் நடந்து போனார்.

இந்தப் படங்களை நாம் எல்லோரும் போனில் பார்த்து ரசித்தோம், பகிர்ந்தோம். ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? பாத்திரம் மிதக்கிற அந்தத் தண்ணீருக்குள்தான் படம் எடுத்தவரும் நின்றிருக்க வேண்டும். நாம் பார்க்கிற ஒவ்வொரு ஆபத்தான படத்திலும், படத்துக்கு வெளியே ஒருவர் அதே ஆபத்தில் நிற்கிறார்.

இப்போது வேறொரு வழக்கமும் வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் வெளியில் எடுக்கும் படங்கள். காசல்றீ நீர்த்தேக்கக் கரையில், தேயிலை மலை உச்சியில், நீர்வீழ்ச்சிப் பாறையில். மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் பழைய மஸ்கெலியாவின் இடிபாடுகளிலும் எடுக்கிறார்கள். அழகான இடங்கள்தான். ஆனால் ஈரப் பாறையில் பின்பக்கமாக நடக்கும் கெமராக்காரரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

*எங்கள் வீட்டுக் கதை*

இனி, சொல்வதாகச் சொன்னதைச் சொல்கிறோம்.

2018, ஷவ்வால் மாதம், ஜூன் கடைசி. எங்கள் குடும்பத்தில் ஒரு நிக்காஹ். கெமராக்காரர் கீழ்நாட்டில் இருந்து வர வேண்டியவர். முதல் நாள் இரவு முழுக்க மழை. விடியற்காலையில் அவர் போன் எடுத்து, கினிகத்தேனைப் பக்கம் பாதையில் மண் விழுந்திருக்கிறது, வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "எப்படியாவது வந்துடுங்க. அட்வான்ஸ் வாங்கினீங்கதானே?"

அவர் வந்தார். மண் கிடந்த இடத்தை நடந்து கடந்து, இந்தப் பக்கம் ஒரு ஓட்டோவைப் பிடித்து, சறுக்கி விழுந்து, முழங்காலில் இரத்தத்தோடு வந்தார். அப்போது நிக்காஹ் முடிந்து சாப்பாட்டு சஹன் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கெமராவுக்குள் தண்ணீர் போயிருந்தது. மற்றக் கெமராவில் எடுத்ததிலும் பாதிப் படங்களில் புகை மூட்டியது போல ஆவி.

ஒரு மாதம் கழித்து அல்பம் வந்தது. நிக்காஹ் படம் இல்லை என்று பேசிய தொகையில் 15,000 ரூபாயைக் கழித்துக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் அதை நியாயம் என்றே நினைத்தோம். வேலை செய்தவரின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நாம், இரத்தம் காயாத ஒருவரின் கூலியை வெட்டினோம்.

இத்தனைக்கும் ஒரு நிக்காஹ்வுக்கு வேண்டியது வலீ, இரண்டு சாட்சிகள், மஹர், ஈஜாப் கபூல். அன்று இவை எல்லாம் இருந்தன. கெமரா இல்லாததால் எந்தக் குறையும் வரவில்லை. குடும்பத்துப் பிள்ளைகள் போனில் எடுத்த படங்களைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

டித்வாவுக்குப் பிறகு அந்தப் பழைய இலக்கத்தைத் தேடி எடுத்துப் பேசினோம். அவர் இப்போது கல்யாண வேலை செய்வதில்லை. விஷயத்தைச் சொன்னபோது, "அதெல்லாம் மறந்துட்டேன் சேர்" என்றார். மறந்திருக்க மாட்டார். 15,000 ரூபாயை வங்கியில் போட்டோம். 2018 இல் 15,000 என்பதும் இன்று 15,000 என்பதும் ஒன்றல்ல என்று எங்களுக்கும் தெரியும், அதனால் கொஞ்சம் கூட்டிப் போட்டோம். ஆனாலும் கணக்கு முடிந்ததாக மனம் சொல்லவில்லை.

*நாம் செய்யக்கூடியவை*

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அங்கேயும் எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எனவே எங்கள் வேண்டுகோள் இவைதான்.

ஒன்று. கல்யாணம் பேசும்போதே கெமராக்காரரோடு ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பாதை மூடினாலோ, நீங்கள் இருக்கும் பகுதிக்கோ அவர் வரும் வழிக்கோ செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை இருந்தாலோ அவர் வரத் தேவையில்லை. அட்வான்ஸ் வேறொரு நாளுக்கு மாறும். யாருக்கும் ஏமாற்றுப் பட்டம் கிடையாது.

இரண்டு. மழைக்காலக் கல்யாணம் என்றால் அவரை முதல் நாளே வரச் சொல்லித் தங்க இடம் கொடுங்கள். விருந்தாளிகளுக்கு அறை தேடுகிறோம்தானே, அதோடு இன்னொரு பாய். இரவில் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

மூன்று. பக்கத்தில் இருப்பவரைப் பிடியுங்கள். எங்கள் டவுன்களில் நன்றாகப் படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொழும்பில் இருந்து வந்தால்தான் மதிப்பு என்ற எண்ணத்தை விடுவோம்.

நான்கு. டித்வாவில் நனைந்த படங்கள் இன்னும் பல வீடுகளில் மூட்டையாகக் கிடக்கின்றன. ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு தொண்டர்கள் சேற்றில் கிடந்த இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைக் கழுவி உரியவர்களிடம் சேர்த்தார்கள். நாமும் இயன்றதைச் செய்யலாம். நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டியபடி காய விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, முகப்பக்கத்தைத் தொடாமல், மேல்நோக்கி வைத்து நிழலில் உலர்த்துங்கள். ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், தண்ணீரில் ஊற விடுங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்துவிட்டதென்றால் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்துப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே காய்ந்துபோன படங்களையும் முதலில் போனில் எடுத்துவிட்டுப் பிறகு கை வையுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் எறியாதீர்கள்.

ஐந்து. உங்கள் வீட்டுப் பழைய கல்யாணப் படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஒரு ஸ்டூடியோ முத்திரை இருக்கும். அந்தக் கெமராக்காரர் எந்தப் பாதையில் வந்தார், மழையில் வந்தாரா என்று வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெரியவர்கள் போய்விட்டால் அந்தக் கதையும் போய்விடும். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அடுத்த தவணையில் இதையே ஒரு செயற்றிட்டமாகக் கொடுக்க நினைத்திருக்கிறோம்.

முதலில் சொன்ன பையனுக்கு இந்த மாதம் இரண்டு கல்யாணங்கள் இருக்கின்றன. இரண்டு வீட்டாரிடமும், "மழை என்றால் வர வேண்டாம், நாங்க ஒன்றும் சொல்ல மாட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறோம். ஒரு வீட்டார் சொல்லிவிட்டார்கள். மற்ற வீட்டாரும் சொல்வார்கள் என்று நம்புகிறோம்.

எல்லோரும் பாதுகாப்பாக இருங்கள். வஸ்ஸலாம்.